சுங்கை சிப்புட்டிலிருந்து லீட்ஸுக்குத் தீபாவளிப் பெட்டி: எதை வைக்கலாம், எப்படிக் கட்டுவது?

சிப்புட்அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். மகள் இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், விடுதியில் தங்கியிருக்கிறாள். 2026 தீபாவளி நவம்பர் 8-ஆம் தேதி. அதற்கு முன்னால் ஒரு பெட்டி போய்ச் சேர வேண்டும். வைக்க நினைப்பவை: முறுக்கு, நெய் உருண்டை, அதிரசம், பால்கோவா, நெத்திலி சம்பல் (வெக்கூம் பண்ணி), பாபாஸ் மசாலாத் தூள் நாலு பாக்கெட், தேத்தூள், பருப்புப் பொடி, ஒரு சுடிதார் செட், அகல் விளக்கு, கற்பூரம், சாம்பிராணி, கோடாலித் தைலம், பவர் பேங்க். எல்லாம் சேர்த்து 8 கிலோ வரும் என்று நினைக்கிறேன். கடையிலிருந்து 45 × 35 × 35 செ.மீ. அட்டைப்பெட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். டவுன் தபால் நிலையத்திலேயே அனுப்பலாமா, ஈப்போவுக்குப் போய்க் கூரியரில் போட வேண்டுமா? மகளுக்கு அங்கே வரி விழாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அட்டைப்பெட்டி:
அக்கா, முதலில் பெட்டியை மாற்றுங்கள். பொருளைப் பற்றிப் பிறகு பேசலாம்.

கூரியர்காரர்கள் எடை மட்டும் பார்ப்பதில்லை, இடத்தையும் எடையாக மாற்றிக் கணக்குப் போடுவார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது வழக்கம். உங்கள் பெட்டி 45 × 35 × 35 என்றால் 55,125. அதை 5000-ஆல் வகுத்தால் 11 கிலோ. உள்ளே 8 கிலோ இருந்தாலும் 11 கிலோவுக்குத்தான் காசு கேட்பார்கள். 40 × 30 × 20 பெட்டி என்றால் 24,000, அதாவது 4.8 கிலோ. உள்ளே 5 கிலோ சரக்கு வைத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும், ஒரு வெள்ளியும் (ரிங்கிட்டும்) வீணாகாது. முறுக்கு எடை குறைவு, இடம் அதிகம். மசாலாத் தூள் நேர்மாறு. இரண்டையும் ஒரே பெட்டியில் சேர்த்து வைப்பதுதான் கணக்குக்கு நல்லது.

கடையில் சும்மா கிடைக்கும் முட்டைப் பெட்டி, கோழிப் பெட்டி, பால் பெட்டி எதுவும் வேண்டாம். ஒன்று, வெளியில் அச்சடித்திருக்கும் படமே சுங்கத்தில் திறந்து பார்க்கச் சொல்லும். இன்னொன்று, குளிரறையில் இருந்து வந்த அட்டை ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும். மூலையில் விரலால் அழுத்திப் பாருங்கள், மெத்தென்று இறங்கினால் அது தாங்காது. இரட்டை நெளிவு அட்டை, அதாவது வெட்டுவாயில் பார்த்தால் இரண்டு வரிசை நெளிவு தெரியும் பெட்டி, அதுதான் வேண்டும். பழைய பெட்டி என்றால் முன்பு ஒட்டிய கோட்டுச் சீட்டுகளை (பார்கோடு) எல்லாம் கிழித்துவிடுங்கள். பிரிக்கும் இயந்திரம் எந்தக் கோட்டைப் படிக்கும் என்று சொல்ல முடியாது.

கட்டும்போது அடியிலும் மேலேயும் நடு இணைப்பில் ஒரு பட்டை, இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொரு பட்டை. 48 மில்லிமீட்டர் அகல டேப் போதும். ஒவ்வொரு பட்டையும் பக்கச் சுவரில் குறைந்தது 5 செ.மீ. இறங்க வேண்டும். நைலான் கயிறு கட்டாதீர்கள், அது இயந்திரத்தில் மாட்டிப் பெட்டியைக் கிழிக்கும். மூடிய பிறகு ஆட்டிப் பாருங்கள். உள்ளே எதுவும் நகரும் சத்தம் வந்தால் திறந்து மறுபடி அடையுங்கள். முகவரியை ஒரு தாளில் எழுதி உள்ளேயும் ஒன்று போட்டுவிடுங்கள், வெளிச் சீட்டு கிழிந்தாலும் பெட்டி வழி தவறாது.

தபால் நிலையத்துக்கு ஒரு பக்கம் ஒட்டாமல் எடுத்துப் போங்கள், டேப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முகப்பில் திறந்து காட்டச் சொல்லலாம். ஐசியும் (அடையாள அட்டை) வேண்டும்.

வரிக்கணக்கு:
வரி விஷயம் நான் சொல்கிறேன்.

இங்கிலாந்துக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு தனி ஆள் இன்னொரு தனி ஆளுக்கு அனுப்பும் அன்பளிப்பு 39 பவுண்டு வரை இருந்தால் வரி இல்லை. இன்றைய மாற்றில் அது 200 வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே. நாணய மாற்று ஏறி இறங்கும் என்பதால் பொருள்களின் மொத்த மதிப்பை 200 வெள்ளிக்குள் நிறுத்துங்கள். 39-ஐத் தாண்டினால் 20 விழுக்காடு வேட் வரி (மதிப்புக் கூட்டு வரி). நிறையப் பேர் தாண்டிய தொகைக்கு மட்டும்தான் வரி என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை, முழுத் தொகைக்கும் வரி. அதோடு அனுப்பும் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார்கள். பொருள் 60 பவுண்டு, அனுப்பக் கட்டியது 40 பவுண்டு என்றால் 100-க்கு 20 பவுண்டு வரி. அதற்கு மேல் கையாளும் கட்டணம் தனி. 135 பவுண்டைத் தாண்டினால் சுங்கத் தீர்வையும் சேரும்.

அன்பளிப்பு என்று ஏற்க மூன்று விஷயம் பார்ப்பார்கள். பெட்டியோடு நிரப்பிக் கொடுக்கும் சுங்கப் பாரத்தில் (ஃபார்ம்) அன்பளிப்பு என்று குறித்திருக்க வேண்டும். பிறந்தநாள், பண்டிகை மாதிரி ஒரு காரணம் இருக்க வேண்டும், தீபாவளி தாராளமாகச் செல்லும். அனுப்புபவரும் பெறுபவரும் தனி ஆள்களாக இருக்க வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கி அனுப்பிவைக்கும் ஏஜென்ட்டிடம் கொடுப்பதாக இருந்தால், பாரத்தில் அனுப்புநர் இடத்தில் உங்கள் பெயர் போடுகிறார்களா, அவர்கள் நிறுவனப் பெயரா என்று கேட்டுக்கொண்டு கொடுங்கள். இணையக் கடையில் வாங்கி நேராக மகள் முகவரிக்குப் போகச் சொன்னாலும் அது அன்பளிப்புக் கணக்கில் வராது, விற்றவர் நிறுவனம்.

மதிப்பைக் குறைத்து எழுதலாமா என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 1 வெள்ளி, 2 வெள்ளி என்று எழுதினால் அதிகாரி தன் கணக்கில் மதிப்புப் போட்டுவிடுவார். பெட்டி தொலைந்தாலும் எழுதிய மதிப்புக்குத்தான் இழப்பீடு. ஒரே நாளில் ஒரே பெயருக்கு இரண்டு பெட்டியாகப் பிரித்து அனுப்புவதும் வேலைக்கு ஆகாது, சேர்த்துக் கணக்கிடலாம். இரண்டாவது பெட்டி பொங்கலுக்குப் போகட்டும்.

பாரத்தில் ‘ஃபுட்’, ‘கிஃப்ட்’ என்று ஒற்றைச் சொல் எழுதுவதால்தான் பாதிப் பெட்டிகள் நின்றுபோகின்றன. 2021 முதல் பொருள் உள்ள பன்னாட்டுத் தபாலுக்கெல்லாம் விவரத்தை மின்வழியாக முன்கூட்டியே அனுப்ப வேண்டும் என்று ஆகிவிட்டது. பெட்டி விமானம் ஏறும் முன்பே நீங்கள் எழுதியதை அங்கே படித்துவிடுகிறார்கள். அதனால் ஒவ்வொரு பொருளும் ஒரு வரி. என்ன பொருள், எதனால் செய்தது, எத்தனை, எடை, மதிப்பு. ‘அரிசி மாவில் செய்த பொரித்த நொறுக்குத் தீனி, 1.5 கிலோ, 40 வெள்ளி’ என்ற அளவில், ஆங்கிலத்தில். ‘முறுக்கு’ என்று மட்டும் எழுதினால் அங்கே யாருக்கும் புரியாது.

ஹெச்எஸ் எண், அதாவது பொருளின் வகையைக் காட்டும் சுங்கக் குறியீடு, ஆறு இலக்கம் கேட்டால்: முறுக்கு, ஓமப்பொடி வகை 190590. கலவை மசாலாத் தூள் 091091. அரைத்த மிளகாய்த் தூள் 090422. கறுப்புத் தேயிலை, 3 கிலோவுக்கு உட்பட்ட பாக்கெட் 090230. சாம்பிராணி, ஊதுபத்தி 330741. எண் தெரிந்தால் எழுதுங்கள், அதிகாரிக்குச் சந்தேகம் குறையும்.

பலகாரச்சட்டி:
அக்கா, உங்கள் பட்டியலில் நான்கு பொருளை இப்போதே எடுத்துவிடுங்கள்.

பால்கோவா போகாது. இங்கிலாந்து வெளியிலிருந்து பால் பொருளையும் இறைச்சியையும் தபாலில் விடுவதில்லை. நெய் டப்பா, பால் மாவு, கண்டென்ஸ்ட் மில்க் எல்லாம் அதே வகை. மூன்றும் ஒன்றாகக் கலந்த தே தாரிக், வைட் காப்பி பாக்கெட்டுகளில் கிரீமர் இருக்கும், பின்பக்கம் பால் புரதம் என்று எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள். வெறும் தேத்தூள், வெறும் காப்பித் தூள் தாராளமாகப் போகும்.

கற்பூரம் போகாது. அது தீப்பற்றும் திடப்பொருள், விமானத்தில் ஆபத்துப் பொருள் பட்டியலில் உள்ளது. பூஜைப் பொருள்தானே என்று ஊதுபத்தியோடு சேர்த்து வைத்துவிடுவார்கள், கதிர்ப்படத்தில் தெரிந்து பெட்டியையே நிறுத்திவிடுவார்கள். சாம்பிராணி, ஊதுபத்தி பரவாயில்லை, ஆனால் பலகாரத்தோடு ஒட்டி வைக்காதீர்கள், முறுக்கெல்லாம் சாம்பிராணி மணக்கும். இரண்டு உறை போட்டு ஒரு மூலையில் சுடிதாருக்கு அந்தப் பக்கம் வையுங்கள்.

பவர் பேங்க் கூடவே கூடாது, லித்தியம் பேட்டரியைத் தனியாகத் தபாலில் அனுப்ப அனுமதி இல்லை. வாசனைத் திரவியம், ஸ்ப்ரே டப்பா, தீப்பெட்டி எல்லாமே அப்படித்தான். கோடாலித் தைலம் மாதிரி திரவத்தையும் முகப்பில் மறுக்கலாம். ஒழுகினால் பெட்டி முழுக்க நாறும். அதை மகள் அடுத்த முறை ஊருக்கு வரும்போது எடுத்துப் போகட்டும்.

நெய் உருண்டை இரண்டுங்கெட்டான். கேக், பிஸ்கட், இனிப்பு மிட்டாய் வகை அனுமதி உண்டு. ஆனால் பாசிப்பயற்று மாவை நெய்யிலேயே பிடிக்கிற உருண்டையை அதிகாரி எப்படிப் பார்ப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தாவர நெய்யில் பிடித்து, பொதியின் மேல் சேர்பொருள் சீட்டு ஒட்டுவது நல்ல வழி. இன்னொரு சிக்கலும் உண்டு, உருண்டை வழியில் உதிர்ந்து மாவாகிவிடும். மினி மஃபின் காகிதக் கிண்ணத்தில் ஒவ்வொன்றாக வைத்து, தட்டையான டப்பாவில் ஒரே அடுக்காக இறுக்கமாக அடுக்கினால்தான் உருண்டையாகவே போகும்.

பாபாஸ் பாக்கெட்டில் ஒரு சங்கதி. இறைச்சிக் கறி மசாலா என்று பாக்கெட்டின் மேலேயே எழுதியிருக்கும். ‘மீட்’ என்ற சொல்லைக் கண்டதும் உள்ளே இறைச்சி இருக்கிறதென்று ஒதுக்கி வைப்பார்கள். பாரத்தில் ‘மசாலாத் தூள், இறைச்சி இல்லை, தாவரப் பொருள் மட்டும்’ என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். பாக்கெட்டைப் பிரித்து வேறு உறையில் மாற்றாதீர்கள், கடை உறையில் சேர்பொருள் அச்சடித்திருப்பதே உங்களுக்குச் சாட்சி.

இப்போது முறுக்கு. வழியில் உடைவதை விட நமத்துப்போவதும் எண்ணெய் சிக்கடிப்பதும்தான் பெரிய தொல்லை. முறுக்கு வேகும்போது எழும் குமிழி மாவுக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வருவது. குமிழி நன்றாக அடங்கிய பிறகுதான் எடுக்க வேண்டும். நிறம் வந்துவிட்டது என்று முன்னாலேயே எடுத்தால் உள்ளே ஈரம் தங்கி, நாலாம் நாளே மெத்தென்று ஆகிவிடும். தணல் அதிகமாக இருந்தால்தான் நிறம் முந்திக்கொள்ளும், அதனால் நடுத்தர வெப்பம். பெட்டிக்குப் போகிற முறுக்கை மூன்று கண் அச்சில், ஒல்லியாகப் பிழியுங்கள். தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்தது சுவையாக இருக்கும், ஆனால் சீக்கிரம் சிக்கடிக்கும், வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் புதிதாக இருக்க வேண்டும். நம் ஊர் செம்பனை எண்ணெய் சூரியகாந்தி எண்ணெயை விட நாள் தாங்கும்.

எடுத்ததும் தாளில் பரப்பி முழுக்க ஆறவிடுங்கள், குறைந்தது இரண்டு மணி நேரம். சூட்டோடு மூடினால் ஆவி உள்ளேயே தண்ணீராகி எல்லாம் போய்விடும். மழை பெய்கிற சாயங்காலத்தில் திறந்து வைக்காதீர்கள், நம் ஊர்க் காற்றே ஈரம். தீபாவளிக்கு விற்கும் சிவப்பு மூடி பிளாஸ்டிக் போத்தல்தான் இதற்குச் சரி. முறுக்கின் விட்டத்துக்கு ஏற்ற போத்தல் வாங்கி, காசு அடுக்குவது போல ஒன்றன்மேல் ஒன்று அடுக்குங்கள். ஐந்தாறுக்கு ஒரு சமையல் தாள் வட்டம். மேலே மிஞ்சும் இடத்தில் தாளைச் சுருட்டி அடையுங்கள். உணவுக்குரிய சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள். முறுக்கை வெக்கூம் செய்யவே செய்யாதீர்கள், உறை இறுகும்போதே நொறுங்கிவிடும்.

அதிரசம் உடையாது, ஆனால் வெல்ல ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். இரண்டு கரண்டிக்கு நடுவே வைத்து எண்ணெயை நன்றாக அழுத்தி எடுங்கள். ஒருநாள் ஆறிய பிறகு எண்ணெய்த் தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றுங்கள். இரண்டு வாரம்தான் கணக்கு. ஒரு வாரத்தில் போகிற வழியில் அனுப்பினால் வையுங்கள், மெதுவான வழி என்றால் வேண்டாம்.

பால்மரத்தடி:
நெத்திலி சம்பலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தச் சம்பலை வெக்கூம் பண்ணி அனுப்பாதீர்கள் அம்மா.

வெக்கூம் செய்தால் கெடாது என்று பரவலாக நம்புகிறார்கள். காற்றை எடுத்தால் பூஞ்சை வராது, உண்மைதான். ஆனால் காற்றில்லாத இடத்தில் மட்டுமே வளர்கிற கிருமி ஒன்று உண்டு, குளோஸ்ட்ரிடியம் போட்டுலினம். அதன் வித்துகள் 100 பாகை கொதியில் சாகாது. ஈரம் இருந்து, புளிப்பு போதாமல், அதாவது பிஹெச் 4.6-க்கு மேல் இருந்து, குளிர்பெட்டிக்கு வெளியே வைத்தால் நச்சு உண்டாக்கும். மணம் மாறாது, நிறம் மாறாது, உறையும் எப்போதும் உப்பிக் காட்டாது. வெங்காயம், பூண்டு, மிளகாய் அரைத்து எண்ணெயில் வதக்கிய சம்பல் அந்த நிலைக்கு அச்சாகப் பொருந்தும். எண்ணெய் மேலே மிதந்தால் பாதுகாப்பு என்பதும் தவறு, அதுவும் காற்றை அடைப்பதுதான். கடையில் விற்கும் உறைச் சம்பல் அறை வெப்பத்தில் தாங்குகிறதென்றால், அதை ஆலையில் அழுத்தத்தில் 121 பாகை வரை ஏற்றிப் பதப்படுத்துகிறார்கள், இல்லையென்றால் புளிப்பை அளந்து சேர்க்கிறார்கள். வீட்டில் அதைச் செய்து சரிபார்க்க வழியில்லை.

அதற்குப் பதில் சம்பலைப் பிரித்து அனுப்புங்கள். நெத்திலியைத் தலை, குடல் நீக்கிக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, மொறுமொறுவென்று பொரித்து ஆறவைத்து 250 கிராம். காய்ந்த மிளகாயை வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்து 100 கிராம். மகள் அங்கே வெங்காயமும் புளியும் வாங்கிப் பத்து நிமிடத்தில் சம்பல் கிண்டிவிடுவாள். மீனுக்கு இங்கிலாந்தில் தனி விதி, சொந்த உபயோகத்துக்குக் கருவாடு, நெத்திலி அனுமதி உண்டு, இறைச்சி மாதிரித் தடை இல்லை. நெத்திலியை இரண்டு உறையில் போட்டு ஒரு தகர டப்பாவுக்குள் வையுங்கள். உறை மட்டும் என்றால் மணம் சுடிதாருக்குப் போய்விடும்.

பருப்புப் பொடி, இட்லிப் பொடி, கருவேப்பிலைப் பொடி எல்லாம் இந்த மாதிரிப் பெட்டிக்கென்றே செய்தவை என்று சொல்லலாம். எடைக்கு ஏற்ற சுவை, ஈரம் இல்லை. வறுத்து ஆறவைத்து அரைப்பது எல்லாருக்கும் தெரியும். அரைத்த பிறகும் தட்டில் பரப்பி ஒரு மணி நேரம் ஆறவிட வேண்டும் என்பதைத்தான் விட்டுவிடுகிறார்கள். மிக்ஸி சூட்டில் பொடி வெதுவெதுப்பாக இருக்கும், அப்படியே மூடினால் கட்டி பிடிக்கும். பச்சைக் கருவேப்பிலையை அப்படியே வைக்காதீர்கள். பெரும்பாலான பச்சை இலை, காய், பழத்துக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள், எப்படியும் வழியிலேயே கறுத்துவிடும். நிழலில் காயவைத்துப் பொடியாக அனுப்புங்கள்.

பொடியை வெக்கூம் செய்யும்போது தூள் மேலேறி ஒட்டுகிற இடத்தில் படியும், அந்த இடம் ஒட்டாமல் காற்று இறங்கும். முதலில் சிறு உறையில் போட்டு வாயை மடித்து, அதை வெக்கூம் உறைக்குள் வையுங்கள். மேலே சமையல் தாள் ஒன்றை மடித்து வைத்தால் தூளைத் தடுத்துக்கொள்ளும். ஒரு செ.மீ. இடைவெளியில் இரண்டு முறை ஒட்டுங்கள். ஒவ்வொரு உறை மேலும் பொருள், சேர்பொருள், செய்த தேதி ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள். பெயரில்லாத மஞ்சள் தூள், சிவப்புத் தூள் பொட்டலம் சுங்கத்தில் எப்படித் தெரியும் என்று நினைத்துப் பாருங்கள்.

சிப்புட்அம்மா:
எல்லாருக்கும் மிக்க நன்றி. சம்பல் விஷயம் தெரியவே தெரியாது. பொரித்த நெத்திலியாகவே வைக்கிறேன். மூன்று கேள்வி பாக்கி. இஎம்எஸ்ஸா (தபால் நிலைய விரைவு அஞ்சல்), சாதாரண விமானப் பார்சலா? எந்தத் தேதிக்குள் போட வேண்டும்? மகள் பெயரை எப்படி எழுதுவது, ஐசியில் ஏ/பி (இன்னாரின் மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கம்) போட்டு அப்பா பெயரோடு நீளமாக இருக்கிறது.

அட்டைப்பெட்டி:
பலகாரம் இருப்பதால் இஎம்எஸ், அக்கா. சாதாரணமாக ஒரு வாரத்துக்குள் போகும், சுங்கத்தில் சில நாள் கூடலாம். விமானப் பார்சல் மலிவு, இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். சுடிதார், மசாலா மட்டும் என்றால் அதில் போடலாம். கப்பல் வழி மாதக் கணக்கு, தின்பண்டத்துக்கு ஆகாது. 2 கிலோவுக்குள் என்றால் சிறு பொட்டலம் என்ற வகை இருக்கிறது, மூன்று பக்கமும் கூட்டினால் 90 செ.மீ.க்குள், நீளம் 60-க்குள். பொங்கலுக்குக் கொஞ்சம் பொடி மட்டும் அனுப்ப அதுவே போதும். ஈப்போ கூரியர் வேகம் கூடுதல், விலையும் கூடுதல். 5 கிலோவுக்கு இரண்டு இடத்திலும் விலை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள், அட்டை அளவோடு கேளுங்கள், எடை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள்.

தேதி: அக்டோபர் 20 செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்திய சனி, ஞாயிறில் முறுக்கு சுட்டால் பெட்டிக்குள் போகும்போது புதிதாக இருக்கும். வெள்ளிக்கிழமை போடாதீர்கள், வார இறுதி முழுக்கக் கிடங்கில் சூட்டில் கிடக்கும்.

பெயர் விஷயம் கவனிக்க வேண்டியது. அங்கே விடுதி முகப்பில் பார்சல் வந்தால் மாணவர் அட்டையில் உள்ள பெயரோடு ஒப்பிட்டுத்தான் கொடுப்பார்கள். ஏ/பி என்பதில் உள்ள சாய்கோட்டைச் சில கணினிப் பாரங்கள் ஏற்காது, பெயர் பாதியில் வெட்டுப்பட்டுவிடும். மாணவர் அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே, சாய்கோடு இல்லாமல் எழுதுங்கள். விடுதியின் பெயர், அறை எண், தெரு, ஊர், அஞ்சல் குறியீடு. குறியீட்டில் ஓர் எழுத்து மாறினால் வேறு தெருவுக்குப் போய்விடும், மகளைக் கைப்பேசியில் எழுதி அனுப்பச் சொல்லி அப்படியே பாருங்கள். தொலைபேசி எண் அவளுடைய இங்கிலாந்து எண், 44-இல் தொடங்குவது. உங்கள் எண் அனுப்புநர் பக்கம்.

வரிக்கணக்கு:
இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். வரி கட்டாவிட்டால் பெட்டி வராது என்று மகளுக்குக் குறுஞ்செய்தி வந்தால் அதில் இருக்கும் இணைப்பைத் தொட வேண்டாம். அந்த நாட்டில் இந்த ஏமாற்று நிறைய நடக்கிறது. உண்மையான கட்டணம் என்றால் அஞ்சல் நிறுவனத்தின் தளத்தில் பெட்டியின் கண்காணிப்பு எண்ணைப் போட்டால் தெரியும். அந்த எண்ணை முகப்பிலேயே படம் எடுத்து மகளுக்கு அனுப்பிவிடுங்கள், ரசீதைப் பெட்டி சேரும்வரை தூக்கிப் போடாதீர்கள்.

உங்கள் பட்டியலை நான் போட்டால் இப்படி வரும். முறுக்கு 1.5 கிலோ, 40 வெள்ளி. மசாலாத் தூள் 250 கிராம் நாலு பாக்கெட், 24 வெள்ளி. தேத்தூள் அரைக் கிலோ, 12 வெள்ளி. நெத்திலி 250 கிராம், 15 வெள்ளி. பொடி அரைக் கிலோ, 15 வெள்ளி. சுடிதார் அரைக் கிலோ, 90 வெள்ளி. மொத்தம் 196 வெள்ளி, சரக்கு 4.25 கிலோ. பெட்டி, போத்தல், தாள் முக்கால் கிலோ வைத்தால் 5 கிலோ. மிளகாய்ப் பொடி, அகல் விளக்கு, சாம்பிராணி சேர்த்தால் மதிப்பு 200-ஐத் தொட்டுவிடும், சுடிதாரை 80 வெள்ளிக்குள் பாருங்கள், ரசீது வைத்துக்கொள்ளுங்கள். துவரம் பருப்பு, அரிசி, உளுந்து எதையும் வைக்காதீர்கள், லீட்ஸில் இந்தியக் கடைகள் இருக்கின்றன, அங்கே வாங்குவது அனுப்பும் செலவில் சிறு பங்குதான். நம் ஊர் மசாலா, நம் ஊர்த் தேத்தூள், வீட்டுக் கைப்பக்குவம், இவைதான் கிலோவுக்குக் கொடுக்கிற காசுக்கு ஈடு.

லூனாஸ்பையன்:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். அக்கா மெல்பர்னில், அண்ணன் துபாயில் இருக்கிறார்கள். இதே பெட்டியை அங்கேயும் அனுப்பலாமா?

பலகாரச்சட்டி:
தம்பி, இரண்டும் வேறு வேறு.

ஆஸ்திரேலியா எல்லாவற்றிலும் கறார். அவர்களுடைய கவலை வரி இல்லை, பயிர்நோயும் கால்நடை நோயும். மலேசியாவில் கால்நடைக் கோமாரி இருப்பதால் பால் பொருளும் இறைச்சியும் கிடையாது. மாவிலைத் தோரணம், வெற்றிலை, வில்வம், தர்ப்பை, உலர்ந்த பூமாலை எதுவும் கூடாது. ருத்ராட்சம் விதை, அதற்கும் சிக்கல். முழுக் கடுகு, வெந்தயம், மல்லி மாதிரி முளைக்கக் கூடியதைத் தவிர்த்து, கடையில் அடைத்த அரைத்த தூளாக அனுப்புங்கள். அகல் விளக்கில் மண் துகள் ஒட்டியிருக்கக் கூடாது, புது விளக்கைக் கழுவிக் காயவைத்து வையுங்கள். பாரத்தில் எழுதாமல் வைப்பதுதான் அங்கே பெரிய குற்றம். எழுதியிருந்தால் அந்தப் பொருளை மட்டும் எடுத்து அழித்துவிட்டு மீதியை விடுவார்கள். நியூசிலாந்துக்கும் ஏறக்குறைய இதே கறார்.

துபாய்க்குக் கசகசா போகவே கூடாது. அங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது, தபாலில் வந்தாலும் வாங்குகிறவர் மாட்டிக்கொள்வார். குருமா மசாலா, வீட்டில் அரைத்த கறி மசாலாவில் கசகசா சேர்த்திருக்கிறீர்களா என்று அரைத்தவரிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள். சிங்கப்பூரிலும் கசகசாவுக்குத் தடை, ஜொகூர் பாலம் தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் கையில் கொடுத்துவிடும் மசாலாவுக்கும் இது பொருந்தும். மருந்து மாத்திரை, இருமல் மருந்து துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் வேண்டாம்.

சிப்புட்அம்மா:
கடைசியாக ஒன்று. பெட்டிக்குள் எது கீழே, எது மேலே?

அட்டைப்பெட்டி:
அடியில் குமிழி உறை இரண்டு மடிப்பு. அதன்மேல் மசாலா பாக்கெட், தேத்தூள், பொடி, தகர டப்பா, எல்லாம் படுக்கையாக, நடுவில். எடை ஒரு பக்கம் சாயக் கூடாது. பலகாரப் போத்தல்களைப் படுக்க வைக்காமல் அவற்றுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, ஒன்றோடொன்று மோதாமல் நடுவே சுடிதாரை உறையில் போட்டுச் செருகுங்கள், துணிதான் நல்ல மெத்தை. போத்தல் உயரம் 20 செ.மீ. பெட்டியில் 16-க்கு மேல் போகக் கூடாது, மேலேயும் கீழேயும் இரண்டு செ.மீ. மெத்தை வேண்டும். அகல் விளக்கை ஒன்றுக்குள் ஒன்று அடுக்காதீர்கள், விளிம்பு உடையும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தாளில் சுற்றி ஒரு சிறு அட்டை டப்பாவில் போட்டு மூலையில் வையுங்கள். மேலே தாளைக் கசக்கி நிரப்பி, மூடியைக் கையால் அழுத்தினால் லேசாக எதிர்த்துத் தள்ள வேண்டும், அந்த அளவு நிரம்பினால் போதும். பொரி, வைக்கோல், தவிடு என்று இட்டு நிரப்பாதீர்கள், தாவரப் பொருள் என்று நிறுத்துவார்கள். பெட்டி வந்ததும் பிரிப்பதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுக்கச் சொல்லுங்கள், ஏதாவது நசுங்கியிருந்தால் இழப்பீட்டுக்கு அந்தப் படமும் ரசீதும்தான் கேட்பார்கள், பெட்டியையும் உடனே வீச வேண்டாம்.